மூன்றாவது குறிக்கோள்

தை 1

புது டைரியின் முதல் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, எழுத்து நிற்கவில்லை.

மூத்த பேரன் ராஜவேலு துபாயில் ஏசி கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். ரிப்பேர் பார்க்கிறான் என்று அவன் மாமியார் வீட்டில் சொல்லித் திரிகிறார்கள். ரிப்பேர் பார்க்கப் பொறுப்பு வேண்டாமா? அடுத்தவன் மணிமாறன் டாக்டர் படிப்புக்கான பரீட்சை எழுதுகிறான். மூன்று வருடமாக விடாமல் எழுதுகிறான். அந்தப் பிடிவாதம் வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு வராது. மகள் வயிற்றுப் பேத்தி பூரணி மதுரையில் பல் டாக்டர். என் மேல்வரிசை முழுவதும் அவள் கைவேலைதான். கொஞ்சம் தூக்கலாக நிற்கும், ஆனால் லட்சணம். கடைக்குட்டி விமல் மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் நான்காவதாக வந்தான். அவன் ஓடிய பக்கம் வெயில் அதிகம் என்று கேள்வி.

எல்லாருக்கும் மேலே நித்யகலா. என் மகன் குருசாமியின் ஒரே பெண். பெங்களூரில் விண்வெளிக்கு அனுப்பும் தொலைநோக்கி செய்கிறாள். அருப்புக்கோட்டையில் பிறந்து நட்சத்திரத்துக்கு வேலை பார்க்கிற பெண் இவள் ஒருத்திதான். பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போகிறாள் என்பதால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் வந்திருக்கிறேன். ஐந்து மாதக் குழந்தையைக் கூலிக்கு ஆள் வைத்துப் பார்க்க முடியுமா?

இன்று பொங்கல். பதினோராவது மாடியில், கரண்டு அடுப்பில், பானை பொங்கும் நேரத்தில் அடுப்பு தானே அணைந்துவிட்டது. சூடு அதிகமானால் அப்படித்தானாம். நான் மனதுக்குள் பொங்கலோ பொங்கல் என்று சொல்லிக்கொண்டேன்.

தை 4

பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். தூங்கினாள். துணி துவைக்கும் இயந்திரம் பாட்டுப் பாடி முடித்தது.

நித்யா இன்று வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் கூட்டம் பேசினாள். எல்லாம் இங்கிலீஷ். முடிந்ததும் முகம் சுண்டிப் போயிருந்தது. கேட்காமல் விட எனக்குத் தெரியாது.

"என்னடி சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல அப்பத்தா. அந்த டெலஸ்கோப்பு எதுக்குப் போகுதுன்னு மூணு குறிக்கோள் எழுதியிருக்கோம். மொதலாவது, ரொம்ப தூரத்துல நட்சத்திரக் கூட்டம் எப்படி உண்டாச்சுன்னு பாக்குறது. ரெண்டாவது, வெடிச்சுச் சாகுற நட்சத்திரத்தப் பாக்குறது. மூணாவது என்னோடது."

"ஒன்னோடது என்னது?"

அவள் பாப்பாவின் சிவப்புப் பந்தை எடுத்தாள். "இது ஒரு சின்ன நட்சத்திரம்னு வையி. நம்ம சூரியனவிடச் சின்னது, செவப்பு. இத ஒட்டி, பக்கத்துலயே கிரகம் சுத்துது. இந்த நட்சத்திரம் இருந்தாப்புல இருந்து சீறும். சீறுறப்ப வர்ற வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஊருக்கு மேல இருக்குற காத்து அத வடிகட்டிரும். அதான் மேல போய்ப் பாக்கணும்."

"பாத்து?"

"இவ்வளவு சீறுனா, அந்தக் கிரகத்துல காத்து மிஞ்சியிருக்குமா, இல்ல மொத்தமா பறந்திருக்குமா, கணக்குப் போடலாம்."

"காத்து இருந்தா அங்க ஆளு இருக்கும்ல?"

அவள் பந்தைக் கீழே வைத்தாள். "அப்பத்தா, அந்தப் பேச்ச மட்டும் எடுக்காத. இதுக்கு முந்தி ஒருத்தரு 'உயிரு இருக்கான்னு பாப்போம்'னு எழுதி, பெரியவங்க சிரிச்சு அனுப்பிட்டாங்க. அதனாலயே நான் ஆறு வருசமா அந்தச் சொல்லு எங்கயும் வராமப் பாத்துப் பாத்து எழுதுறேன். இந்த டெலஸ்கோப்புல மூணும் கொள்ளாது, எடை தாங்காது. மாசி நடுவுல ரிவ்யூ, பெரியவங்க உக்காந்து முடிவு பண்ணுவாங்க. எது போனாலும் என்னோடதுதான் மொதல்ல போகும்."

"ஏன்? ஒன்னோடது என்ன தாழ்ச்சி?"

"நான்தான் அதுல சின்னவ. அப்புறம், அது எப்பச் சீறும்னு தெரியாது. ஒரே நட்சத்திரத்த வாரக்கணக்கா வச்ச கண்ணு எடுக்காமப் பாக்கணும். அவ்வளவு நாளு எனக்கு எவன் குடுப்பான்?"

ஆறு வருடம். இந்தப் பாப்பா வருவதற்கு முன்பு பெற்றுக்கொண்டிருந்தது அதைத்தான் போலிருக்கிறது.

தை 5

ஊரிலிருந்து சௌந்தரபாண்டி போன் செய்தான். என் அண்ணன் மகன், எங்கள் உறவின்முறைச் சங்கத்தின் செயலாளர். நலம் விசாரித்தான். நானும் இரண்டொரு விஷயம் சொன்னேன்.

தை 11

நித்யாவின் அலுவலகத்தில் குடும்பத்தாருக்கான நாள். மாப்பிள்ளை பிரபாகரன் பாப்பாவை நெஞ்சில் பையோடு கட்டிக்கொண்டு வந்தார். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டேன்.

பெரிய கூடம். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளையாக, அண்டா அளவில் ஒன்று.

"டெலஸ்கோப்பு எங்கடி?"

"இதான்."

"இது தெர்மாக்கோலு."

"மாதிரி அப்பத்தா. நெசத்த இன்னும் செய்யல."

"எப்பச் செய்வீங்க?"

"இப்ப பேப்பர்லதான இருக்கு. பேப்பர்ல முடிவாகி, காசு வந்து, செஞ்சு, ஆட்டிப் பாத்து, குளுருல வச்சுப் பாத்து, மேல போக எட்டு ஒம்போது வருசம் ஆகும்."

அதற்குள் பாப்பா நாலாம் வகுப்புக்கு வந்துவிடும். எனக்கு எத்தனை வயதாகும் என்று நான் கணக்குப் போடவில்லை.

தெர்மாக்கோலில் குறிக்கோளுக்கு ஒன்றாக மூன்று பெட்டிகள் இருந்தன. இரண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்றாவதைச் சும்மா செருகி வைத்திருந்தார்கள், கையை வைத்தால் வந்துவிடும். பசை தீர்ந்துவிட்டது போல. வடையும் காப்பியும் கொடுத்தார்கள், வடையில் இனிப்பு.

வீட்டுக்கு வந்து ஜன்னல் திரைக்கு முன்னால் என்னை உட்கார வைத்துப் பிரபாகரன் ஒரு படம் எடுத்தார். அந்தப் பட்டுக்கு எடுக்காமல் விட்டால் பாவம்.

தை 16

பாப்பா குப்புற விழுந்தாள். அரிசிமாவில் கொழுக்கட்டை பிடித்து நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். எதற்கு என்று எதிர்வீட்டுக் கன்னடக்காரப் பெண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் சாப்பிட்டாள்.

தை 19

மதுசூதன ராவ் என்று ஒரு பெரிய விஞ்ஞானி சாப்பிட வந்தார். முதல் குறிக்கோள் அவருடையது. மெட்ராஸில் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகப் பேசுகிறார். தங்கமான மனிதர். என் பருத்திப்பாலை மூன்று டம்ளர் குடித்தார்.

"என்னம்மா இது, இவ்ளோ நாளா இது எனக்குத் தெரியாமப் போச்சே!"

"பருத்திக்கொட்டய ஆட்டிப் பால் எடுத்துக் கருப்பட்டி போட்டதுங்க. நெஞ்சுக்கு நல்லது."

"உங்க பேத்திக்குக் குடுங்க. ரொம்ப டென்ஷன்ல இருக்கா." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார். "நித்யா, உரிமையோட சொல்றேன். ரிவ்யூல அவங்க வெட்டறதுக்கு முன்னாடி நீயே மூணாவதை வாபஸ் வாங்கிடு. கௌரவமா இருக்கும். அடுத்த மிஷன்ல பாத்துக்கலாம்."

"அடுத்தது எப்ப சார்?"

"என்ன, ஒரு இருபது வருஷம்?"

"அப்ப எனக்கு அம்பத்தஞ்சு சார்."

"சின்ன வயசுதான்மா, எனக்கு இப்ப அறுபது!" என்று சிரித்தார். "யோசிச்சுப் பாரு. ஒரு சின்ன நட்சத்திரத்தையே வாரக்கணக்குல மொறைச்சுப் பாத்துட்டிருந்தா, அத்தனை நாள்ல நான் ஆயிரம் கேலக்ஸி பாத்துடுவேன். கண்ணு ஒண்ணுதானே இருக்கு."

நித்யா நாலாவது டம்ளரை ஊற்றப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சர்க்கரை வியாதிக்காரர் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் போன பிறகு பாத்திரங்களை அவளே கழுவினாள். எவர்சில்வர் டம்ளரில் ஒன்று நெளிந்துவிட்டது.

தை 24

ஆனந்தமான நாள். அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உறவின்முறைச் சங்கம் நித்யாவுக்குப் பிளக்ஸ் வைத்திருக்கிறது. இரண்டு ஆள் உயரம். சௌந்தரபாண்டி போனில் படம் அனுப்பினான்.

எழுதியிருப்பதை அப்படியே இறக்கி வைக்கிறேன்: "வேற்று உலகில் ஆள் இருப்பதைக் கண்டு சொல்லும் அதிசயத் தொலைநோக்கியை உருவாக்கி, அகிலத்தை அருப்புக்கோட்டையின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த எங்கள் குலவிளக்கு நித்யகலா குருசாமி அவர்களை வணங்குகிறோம்!" பின்னால் ஒரு ராக்கெட் தீயோடு போகிறது. ஒரு பக்கம் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், பொருளாளரின் மச்சினன். இன்னொரு பக்கம் வட்டத்துக்குள் நான். "ஊக்கமளித்த அப்பத்தா திருமதி முத்திருளாயி."

இவர்களுக்கு யார் இதையெல்லாம் சொல்கிறார்களோ. ஊர் என்றால் காது இருக்கத்தான் செய்யும். நித்யாவிடம் இன்னும் காட்டவில்லை. ரிவ்யூவுக்குப் படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது.

தை 27

பாப்பாவுக்குச் சளி. கற்பூரவல்லி இங்கே தொட்டியில் விற்கிறார்கள், கடையில், விலைச்சீட்டோடு.

மாசி 2

காலையில் நித்யாவின் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

பிளக்ஸை ஊரில் ஒரு மாலைப் பத்திரிகைக்காரன் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். அதை எவனோ இங்கிலீஷில் எழுதிக் கம்ப்யூட்டரில் போட, நித்யாவின் அலுவலகம் முழுக்கப் பார்த்துவிட்டது. பெரியவர்கள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். செய்யாத தொலைநோக்கியைச் செய்துவிட்டதாக, சொல்லாத உயிரைச் சொல்லிவிட்டதாக.

அவள் கத்தவில்லை. என் எதிரில் உட்கார்ந்து போனை நீட்டினாள். கத்தியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"அப்பத்தா, இந்த வட்டத்துக்குள்ள ஒன் போட்டோல பின்னாடி இருக்குற திரை எந்த வீட்டுது?"

"திரை எல்லா வீட்லயும்தான் தொங்கும்."

"பாப்பா கக்குன கறையோடவா?"

நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன்.

"ஆளுன்னு சொல்லாதன்னு சொன்னேன்ல? காத்துன்னுதான சொன்னேன் ஒனக்கு?"

"காத்துன்னு சொன்னா எவன்டி பிளக்ஸ் அடிப்பான்?"

இது பொதுவாகச் சொன்னது. நான்தான் சொன்னேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு பிரபாகரனிடம், "ஆறு வருசம் நான் பூட்டிப் பூட்டி வச்சதுங்க. ஒரே பேனர்ல போச்சு" என்றாள். அவர், "பாட்டி ஆசையில பண்ணிட்டாங்க, விடு" என்றார். அவர் எனக்காகப் பரிந்து பேசியதுதான் தாங்க முடியவில்லை.

மாசி 3

நித்யா சாப்பிடவில்லை. ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன், யாரும் சொல்லவில்லை.

சௌந்தரபாண்டிக்குப் போன் செய்து பிளக்ஸை இறக்கச் சொன்னேன்.

"என்னத்தே இப்படிச் சொல்றீங்க! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள வரிசையாக் கூட்டியாந்து காமிக்கிறாங்க. எம்மெல்லே காரு நின்னு போச்சு."

"எறக்குன்னா எறக்கேண்டா."

"எறக்குனா 'என்னய்யா, அங்க ஆளு இல்லையாமா'ன்னு கேப்பாங்கத்தே. சங்கத்துக்கு அசிங்கம். வேணும்னா ஒங்க படத்தப் பெருசாக்கவா?"

வேண்டாம் என்று சொன்னேன். உடனே சொன்னேனா, கொஞ்சம் பொறுத்துச் சொன்னேனா என்பது ஞாபகமில்லை.

மாசி 6

மதுசூதன ராவ் நித்யாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். விஞ்ஞானத்தில் விளம்பரம் தேடுகிறவர்களைப் பற்றி. பிரபாகரன் தமிழில் சொன்னார். நீளமான செய்தி. பருத்திப்பால் குடித்த வாய்.

மாசி 9

ஏதோ மாறுகிறது, எனக்குப் பிடிபடவில்லை. டெல்லியில் ஒரு பெரிய அதிகாரி அந்த இங்கிலீஷ் செய்தியைப் படித்துவிட்டு, "இது எந்தத் திட்டம்? இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். நித்யாவின் அலுவலகத்தில் அன்றைக்கே ஓடிப் பிடித்துக் காகிதம் தயாரித்தார்களாம். சுண்டிய முகத்தோடு போனவள் குழம்பிய முகத்தோடு வந்தாள்.

"நல்லதாடி, கெட்டதா?"

"தெரியலப்பத்தா. மொதத் தடவையா என்னோடது எதப் பத்துனதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. ஆனா நான் பதில் சொல்ல வாயத் தொறக்குறதுக்குள்ள அவங்களே சொல்லிக்கிறாங்க."

மாசி 14

ரிவ்யூ. காலையில் நித்யாவுக்குத் திருநீறு பூசிவிட்டேன். அவள் தலையைப் பின்னால் இழுக்கவில்லை. பகல் முழுக்கப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பதினோராவது மாடி வராந்தாவில் நடந்தேன். இருட்டும் முன்பே வந்துவிட்டாள்.

"வெட்டல" என்றாள்.

பாப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வெட்டாதது மட்டுமில்ல. மூணாவது குறிக்கோள மொதலாவதா ஆக்கிட்டாங்க. ரெண்டாவத எடுத்துட்டாங்க."

"ஆத்தி! மொதலாவதா!" எழுந்து ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்தேன். அவள் வாயில் போட்டேன். பாப்பாவின் உதட்டில் தடவினேன். சௌந்தரபாண்டிக்குப் போன் போடலாமா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

"மொதலாவது குறிக்கோளுங்கிறதால அதுக்குப் பெரிய தலைவரு வேணுமாம்" என்றாள், சர்க்கரையைக் கடித்தபடி. "மதுசூதன ராவ் சாரப் போட்டுருக்காங்க. அவரே முன்வந்தாராம். 'இந்தக் கேள்வி என் மனசுக்கு ரொம்ப நாளா நெருக்கமானது'ன்னு கூட்டத்துல சொன்னாரு. கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"அப்ப நீ?"

"துணை."

சர்க்கரை டப்பாவின் மூடி எங்கே போனதென்று தேடிக்கொண்டிருந்தேன். கையிலேயே இருந்தது.

மாசி 15

நடந்ததை விடாமல் எழுதி வைக்கிறேன், எனக்கு முழுதாகப் புரியாவிட்டாலும்.

காலையில் நித்யா ராஜினாமா செய்துவிடலாமா என்று பிரபாகரனிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் இட்லிக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். காது என் இஷ்டத்துக்கு மூடாது.

"என் பேச்சு நிக்கல, இந்த அப்பத்தா பேச்சுத்தான் ஜெயிச்சிருக்கு. நான் வெளிய நின்னு வேடிக்க பாக்குறேன். இனிமே டெல்லிக்கு அனுப்புற அறிக்கைல என்னத்த எழுதுறது?"

அப்போது ராவ் போன் செய்தார். அவள் பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததால் போனை மேஜையில் வைத்துச் சத்தமாகப் போட்டாள்.

"நித்யா, கோச்சுக்கக் கூடாது. இது உன் குழந்தை, நான் வெறும் கார்டியன். புரியறதா? ஒரே ஒரு விஷயம், அறிக்கையோட முதல் பக்கத்துல 'உயிர்'ங்கற வார்த்தை வரணும். டெல்லியில அதைத்தான் எதிர்பாக்கறாங்க."

ஆறு வருடம் அவள் துடைத்துத் துடைத்து எடுத்த சொல். ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. பாப்பா வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

"முன்னுரைய நீங்க எழுதிக்கங்க சார்" என்றாள் நித்யா. "என்ன வார்த்த வேணும்னாலும் வச்சுக்கங்க. ஒங்க பேரு மொதல்ல வரட்டும். ஆனா உள்ள, எத எவ்வளவு நாளு பாக்கணுங்கிற அட்டவணைய நான்தான் எழுதுவேன். வருசத்துல நாலுல ஒரு பங்கு அந்தச் சின்ன நட்சத்திரங்களுக்கு. நடுவுல யாரும் திருப்பக் கூடாது."

"நாலுல ஒண்ணா! என் கேலக்ஸியெல்லாம் என்னாகறது?"

"சார், இப்ப ஒங்க மொதக் குறிக்கோள் இதுதான? கேலக்ஸி ரெண்டாவதுல இருக்கு."

நான் இட்லித் தட்டைச் சத்தமில்லாமல் பானைக்குள் இறக்கினேன்.

"எட்டுல ஒண்ணு" என்றார்.

"அஞ்சு."

"ஆறும்மா. ப்ளீஸ்."

"அஞ்சு சார். இல்லாட்டி ஒரு நட்சத்திரத்த ரெண்டே வாரம் பாத்துட்டு, காத்து இருக்கா இல்லயான்னு எப்படிச் சொல்லுவீங்கன்னு டெல்லியில கேப்பாங்க. அப்ப நான் லீவுல இருப்பேன்."

ஐந்தில் ஒன்றுக்குச் சம்மதித்தார். இன்றைக்கே எழுத்தில் வேண்டும் என்றாள், அதற்கும் சம்மதித்தார். கத்தரிக்காய்க்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை. இது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

போனை வைத்ததும் அவள் மிச்சக் கஞ்சியை ஊட்டினாள். எனக்குத்தான் ஆறவில்லை.

"போயும் போயும் நாள வாங்கிக்கிட்டுப் பேரக் குடுத்திட்டியேடி. பேரு போனா என்னடி இருக்கு?"

"நாளுதான் அப்பத்தா இருக்கு. அது மேல போறப்ப இவ நாலாப்பு படிப்பா. அந்த நட்சத்திரம் சீறுறப்ப, யாரு பேரப் போட்டுப் பாக்குறாங்கன்னு அதுக்குத் தெரியவா போகுது?"

"நட்சத்திரத்துக்குத் தெரியாதுடி. அருப்புக்கோட்டைக்குத் தெரியணும்ல?"

அதைக் கேட்டுச் சிரித்தாள். இரண்டு வாரமாகக் காணாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், கஞ்சிக் கையோடு. புருவமெல்லாம் கேழ்வரகு.

"அப்பத்தா, ஒன்னையத் திட்டவும் முடியல, நன்றி சொல்லவும் முடியல. நீ பண்ணலன்னா நேத்தே வெட்டியிருப்பாங்க. நீ பண்ணதாலதான் என் எடத்துல அவரு உக்காந்துட்டாரு."

நான் என்ன பண்ணினேன் என்று கேட்கலாம் என வாயெடுத்தேன். இட்லி வெந்துவிட்டது, பார்க்கப் போய்விட்டேன்.

மாசி 16

ராஜினாமாப் பேச்சு இல்லை. அட்டவணை எழுதுகிறாள். பாப்பா அவள் மடியில் கம்ப்யூட்டரின் ஒரு எழுத்தைப் பிடுங்கிவிட்டாள்.

மாசி 28

பிரபாகரனின் அம்மா வந்துவிட்டார். நான் அடுத்த வாரம் ஊருக்குப் புறப்படுகிறேன். அந்த அம்மாளுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியவில்லை, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்து பழக வேண்டியிருக்கிறது.

பங்குனி 4

அருப்புக்கோட்டை. பேருந்திலிருந்து இறங்கியதும் எதிரே பார்த்தேன். பிளக்ஸ் இல்லை. அந்த இடத்தில் பொருளாளரின் மச்சினனுடைய கல்யாணப் பிளக்ஸ், மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுப் புலியோடு நிற்கிறார்.

தெருவில் எல்லோரும், "எப்ப ஏவுறாக?" என்று கேட்டார்கள். அடுத்த மாதம் என்று முந்தி ஊர் பேசிக்கொண்டிருந்ததாம், யார் கிளப்பிவிட்டதோ. "எட்டொம்போது வருசமாகும், இன்னும் பேப்பர்லதான் இருக்கு" என்றேன். "அங்க ஆளு இருக்காமே?" என்றாள் எதிர்வீட்டு லட்சுமணத்தாய். "அதெல்லாம் தெரியாது. காத்து இருக்கான்னுதான் பாக்குறாக. அதுவும் இருந்தா உண்டு" என்றேன். அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. எனக்கும்தான்.

பங்குனி 10

நித்யாவின் அலுவலகம் திட்டத்தைப் பற்றி ஊரறியச் சொல்லிப் படம் வெளியிட்டிருக்கிறது. குருசாமி போனில் காட்டினான். முன்னால் மதுசூதன ராவ், தெர்மாக்கோல் மேல் கை வைத்தபடி. மூன்றாவது பெட்டியை இப்போது நன்றாக ஒட்டிவிட்டார்கள், இரண்டாவதைக் காணோம். பின்வரிசையில் ஓரமாக அவர் தோளுக்கு மேலே ஒரு நெற்றியும் பாதிக் கண்ணாடியும் தெரிகிறது. அந்த நெற்றி எங்கள் வீட்டு நெற்றி. மற்றவர்களுக்கு யாரோ.

"உயிரைத் தேடி" என்று மேலே பெரிதாக எழுதியிருக்கிறார்கள். கீழே கீழே போய்ப் பொடி எழுத்தில் அட்டவணை இருப்பதாகக் குருசாமி சொன்னான். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு" என்று படித்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

பிறகு குடும்பத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்லி நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். தட்டியதை இங்கேயும் இறக்கி வைக்கிறேன்:

"நித்யகலாவுக்கு அப்பத்தா எழுதுவது. பாப்பாவுக்கு மறுபடி சளி பிடிக்கவில்லையே? இந்த அலுவலகத்துப் படத்தில் நீ இருப்பது எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குக் காட்ட விரல் வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் நீ மட்டும் இருக்கிற மாதிரி புதிதாக ஒரு போட்டோ எடுத்து இந்தக் குழுவில் போடு. பட்டுப் புடவை வேண்டாம். அன்றைக்கு ராவிடம் பேசிப் போனை வைத்தாயே, அந்த மாதிரி இருந்தால் போதும், கேழ்வரகோடு இருந்தாலும் சரி. படத்துக்குக் கீழே நீ என்ன வேலை செய்கிறாய் என்பதை நீயே எழுதி அனுப்பு. நான் சௌந்தரபாண்டியிடம் அதை அப்படியே கொடுப்பேன். ஒரு எழுத்தும் சேர்க்க மாட்டேன்."

அனுப்பிய பிறகு குருசாமியைக் கூப்பிட்டு, பெயரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாமா என்று கேட்டு இன்னொரு செய்தி அனுப்பச் சொன்னேன்.